பொருளின் மேல் எழுதிய ஆண்டும் எழுதாத ஆண்டும்: போர்க்காலச் சான்றுகளைக் காலம் கணித்தல்

படிவம் 1 வரலாற்றில் முதல் பாடமே சான்றுகளைப் பற்றியது. முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று, தொல்பொருள், வாய்மொழி என்று பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிவிடுகிறார்கள். படிவம் 4-க்கு வந்தால் உலகப்போரும் ஜப்பானியர் ஆட்சியும். இந்த இரண்டு பாடத்துக்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது. ஒரு பொருளைக் கையில் கொடுத்து, “இது எந்த ஆண்டுப் பொருள்? எப்படிச் சொல்கிறாய்?” என்று நாம் கேட்பதே இல்லை.

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துப் பழைய குடும்பங்களிடம் கேட்டுப்பாருங்கள். பாட்டியின் தகரப் பெட்டியில் ஜப்பான் காசு இருந்தது என்று யாராவது ஒருத்தர் சொல்வார். வாழைமர நோட்டு என்று நாம் சொல்லும் அந்தப் பத்து வெள்ளி நோட்டுதான். அதை வகுப்புக்குக் கொண்டுவரும் பிள்ளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஆண்டு எங்கேயும் இருக்காது. “சார், இதுல வருசமே போடலையே!” என்று கேட்கும். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் பழகினால், ஜப்பானியர் ஆட்சியின் 3 ஆண்டு 8 மாதத்தையும் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்துவிடலாம்.

பதில் சொல்லும் முறையை முதலில் வேறொரு பொருளில் பார்த்துவிட்டு நோட்டுக்கு வருவோம். அந்தப் பொருள், போர்க்கால ஜெர்மன் கைத்துப்பாக்கி. எங்கேயோ இருக்கும் ஜெர்மனியின் துப்பாக்கி நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். முத்திரை ஒன்று சொல்ல, பொருளின் மெருகு வேறொன்று சொல்ல, இரண்டையும் வைத்துக் காலம் கணிக்கும் வழக்கு மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது அங்கேதான். அதோடு அந்தப் போரில் ஜெர்மனி நமக்கு அவ்வளவு தூரத்திலும் இல்லை. 1940 நவம்பர் 11-இல் பினாங்குக்கு வந்துகொண்டிருந்த ‘ஆட்டோமெடன்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை ‘அட்லாண்டிஸ்’ என்ற ஜெர்மன் கப்பல் பிடித்தது. அதில் இருந்த, தூரகிழக்குப் பாதுகாப்பைப் பற்றிய ரகசிய ஆவணம் ஜப்பானியர் கைக்குப் போனது. 1943-இன் நடுவிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பினாங்கையே தளமாக வைத்துக்கொண்டன. ஜெர்மன் மாலுமிகள் பினாங்குத் தெருவில் நடந்த காலம் ஒன்று உண்டு.

இரும்பில் அடித்த முத்திரை

ஜெர்மன் இராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி ‘லூகர்’. ஏற்ற ஆண்டை வைத்து அதற்கு ‘பி 08’ என்று பெயர். செய்த ஆண்டை மேல்பக்கத்தில் முத்திரையாக அடிப்பார்கள். ஆனால் 1934-இல் மௌசர் தொழிற்சாலையில் செய்தவற்றில் ஆண்டு இல்லை. ‘கே’ என்று ஓர் எழுத்துதான் இருக்கும். 1935-இல் செய்தவற்றில் ‘ஜி’. தொழிற்சாலையின் பெயரும் இல்லை. அதற்குப் பதிலாக ‘எஸ்/42’ என்று ஒரு குறி. 1936-இலிருந்து நான்கு இலக்கத்தில் முழு ஆண்டு வந்துவிட்டது.

ஏன் இந்த மாற்றம்? முதல் உலகப்போருக்குப் பிறகு 1919-இல் எழுதிய வெர்சாய் ஒப்பந்தம், ஜெர்மன் இராணுவம் ஓர் இலட்சம் பேரைத் தாண்டக்கூடாது என்றது. ஆயுத உற்பத்திக்கும் கட்டுப்பாடு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அதை மீறி ரகசியமாக ஆயுதம் செய்தார்கள். எவ்வளவு செய்கிறோம், எந்த ஆண்டு செய்கிறோம் என்று வெளியாளுக்குத் தெரியக்கூடாது. 1935 மார்ச்சில் ஹிட்லர் வெளிப்படையாகவே ஒப்பந்தத்தைத் தூக்கிப்போட்டார். அதற்குப் பிறகு மறைக்க வேண்டிய தேவை இல்லை. துப்பாக்கியின் மேல் ஆண்டு திரும்பி வந்தது. உலகப்போருக்கான காரணங்கள் என்று பாடநூலில் நான்கு வரியில் படிக்கிற அரசியல், விரல் அகல இரும்பில் அப்படியே பதிந்திருக்கிறது.

லூகரைச் செய்வதற்குச் செலவும் நேரமும் அதிகம். அதனால் ‘வால்தர் பி 38’ என்ற கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். இதை மூன்று தொழிற்சாலைகள் செய்தன. ‘ஏ.சி.’ என்ற குறி செல்லா-மேலிஸ் ஊரில் இருந்த வால்தர் தொழிற்சாலைக்கு உரியது. கூடவே ‘41’, ‘43’ என்று ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். ‘பி.ஒய்.எஃப்.’ என்றால் ஓபர்ன்டார்ஃப் ஊர் மௌசர். அதிலும் ஆண்டு உண்டு. ‘சி.ஒய்.கியூ.’ என்றால் ஸ்ப்ரேவெர்க். இந்த மூன்றாவதில் ஆண்டே கிடையாது.

ஆண்டு போட்டவற்றில் இன்னும் நுணுக்கமாகவே சொல்லலாம். வால்தரில் ஒவ்வோர் ஆண்டும் எண் 1-இல் தொடங்கும். பத்தாயிரம் முடிந்ததும் மறுபடி 1-இலிருந்து, பின்னால் ‘ஏ’ என்ற எழுத்தோடு. அதுவும் முடிந்தால் ‘பி’. எழுத்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறதோ, ஆண்டின் கடைசிக்கு அவ்வளவு பக்கத்தில் செய்தது. ஸ்ப்ரேவெர்க்கில் ஆண்டு இல்லாததால் எண் வரிசையையும் மெருகையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

இங்கேதான் மெருகு பேசத் தொடங்குகிறது. 1940 வாக்கில் செய்த பி 38-இன் இரும்பு கண்ணாடி மாதிரி தேய்த்து, கருநீலமாக மின்னும். 1942-இல் அந்த மினுமினுப்பு குறைகிறது. 1943, 1944 என்று போகப்போக, கடைசல் இயந்திரம் இழுத்த கோடுகள் இரும்பின் மேல் அப்படியே தெரிகின்றன. தேய்த்து எடுக்க ஆள் இல்லை, நேரம் இல்லை. சுடுகிற துப்பாக்கியாக இருந்தால் போதும் என்ற நிலை. சிலவற்றில் மேல்பாகம் ஒரு நிறம், அடிப்பாகம் ஒரு நிறம். கடைசிக் காலத்தில் வேறு தொழிற்சாலைகளில் செய்த உறுப்புகளும் கலந்து வந்தன. ஸ்டாலின்கிராட் தோல்வி, குண்டுவீச்சு, ஆள் பற்றாக்குறை எல்லாம் அந்தக் கரடுமுரடான இரும்பில் இருக்கின்றன. முத்திரை என்பது செய்தவன் சொல்ல நினைத்தது. மெருகு அவனால் மறைக்க முடியாமல் போனது.

இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால்? ‘ஏ.சி. 44’ என்று முத்திரை இருந்து, இரும்பு 1940 மாதிரி பளபளத்தால், பின்னாளில் யாரோ விலை ஏற்றுவதற்காகத் தேய்த்து மெருகு போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 1945-இல் மௌசரின் குறி ‘எஸ்.வி.டபிள்யூ.’ என்று மாறியது. அந்த ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஓபர்ன்டார்ஃபைப் பிடித்தது. பிடித்தவர்கள் தொழிற்சாலையை மூடவில்லை. தங்கள் இராணுவத்துக்காக அதே துப்பாக்கியைச் செய்யச் சொன்னார்கள். அதனால் ‘எஸ்.வி.டபிள்யூ. 46’ என்ற முத்திரையோடும் பி 38 உண்டு. நாஜி ஆட்சி 1945 மே மாதமே முடிந்துவிட்டது. அதன் துப்பாக்கி 1946-இலும் பிறந்துகொண்டிருந்தது. ‘45’ என்ற முத்திரையைப் பார்த்ததும் “இது ஹிட்லர் படையின் ஆயுதம்” என்று எழுதிவிடும் மாணவன் இங்கே தடுக்கி விழுவான்.

ஜப்பானியரின் நாள்காட்டி

மலாயாவுக்கு வந்த ஜப்பானிய ஆயுதங்களில் இதே முறை செல்லும். ஆனால் ஒரு படி கூடுதல், ஏனென்றால் ஆண்டுக் கணக்கே வேறு.

ஜப்பானியப் படையின் முக்கியமான கைத்துப்பாக்கி ‘நம்பு 14-ஆம் வகை’. அந்த 14 எங்கிருந்து வந்தது? தாய்ஷோ மாமன்னரின் 14-ஆம் ஆண்டு. தாய்ஷோ ஆண்டோடு 1911-ஐக் கூட்டினால் 1925. அதற்குப் பிறகு வந்தது ‘94-ஆம் வகை’. இந்த 94 எந்த மாமன்னரின் ஆண்டும் இல்லை. ஜப்பான் நாடு தோன்றியதாக அவர்கள் நம்பும் ஆண்டிலிருந்து எண்ணும் பேரரசு ஆண்டு 2594. அதன் கடைசி இரண்டு இலக்கம். 660-ஐக் கழித்தால் 1934. படைவீரர்கள் தோளில் சுமந்து வந்த ‘38-ஆம் வகை’ ரைபிளோ மெய்ஜி ஆண்டு 38, அதாவது 1905. ஆக 14, 38, 94 என்ற மூன்று எண்ணும் மூன்று வேறு கணக்கு. எண் பெரிதாக இருப்பது புதியது என்று நினைத்தால், 1905-இன் ரைபிளை 1925-இன் துப்பாக்கிக்குப் பிந்தியது என்று சொல்லிவிடுவோம்.

அதைவிட முக்கியம், இது வகை ஏற்கப்பட்ட ஆண்டு. அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி செய்த ஆண்டு வேறு. 14-ஆம் வகையின் வலப்பக்கத்தில், பின்புறமாக, ஷோவா என்பதன் முதல் எழுத்தை ஜப்பானிய எழுத்தில் பொறித்து, பக்கத்தில் ‘18.6’ என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். ஷோவா 18, ஆறாவது மாதம். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்ட வேண்டும்: 1943 ஜூன். மாதம்வரை சொல்லிவிடுகிறது. ஜெர்மன்காரன்கூட இவ்வளவு திறந்து சொல்லவில்லை.

உருவமும் பேசும். பழைய 14-ஆம் வகையில் விசையைச் சுற்றியிருக்கும் வளையம் சின்னது. மஞ்சூரியக் குளிரில் தடித்த கையுறையோடு விரலை நுழைக்க முடியாததால், 1939 வாக்கில் வளையத்தைப் பெரிதாக்கினார்கள். மலாயாவின் வெயிலுக்கு அது தேவையே இல்லை; ஆனாலும் வந்தது. 1944, 1945-இல் செய்தவற்றில் கைப்பிடி மரத்தில் போடும் வரிகூட இல்லை, வெறும் பலகை. இரும்பில் அரம் பட்ட தடம் தெரியும். ஜெர்மனியில் நடந்த அதே கதைதான், உலகத்தின் இன்னொரு கோடியில்.

ஜப்பானிய ரைபிள்களில் மாமன்னரின் சாமந்திப்பூ முத்திரை பொறித்திருக்கும். சரணடைந்த பிறகு பலவற்றில் அந்தப் பூவை அரத்தால் அராவி அழித்துவிட்டார்கள். அழித்த அடையாளமும் ஓர் அடையாளந்தான். அது 1945 ஆகஸ்டுக்குப் பிந்தைய கையைக் காட்டுகிறது. ஒரே ரைபிளில் இரண்டு தேதி: செய்த தேதி ஒன்று, தோற்ற தேதி ஒன்று.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1942 ஜனவரியில் ஜப்பானிய மாமன்னர் காவற்படை மலாக்கா வழியாக இறங்கி, 15, 16 தேதிகளில் மூவார் ஆற்றைக் கடந்தது. எதிரே நின்றது 45-ஆவது இந்தியப் படைப்பிரிவு. ராஜ்புத்தானா, ஜாட், கார்வால் வீரர்கள் நிறைய பேர் அங்கே மாண்டார்கள். சுங்கை ரம்பாயிலிருந்து மூவார் பக்கந்தான். தோட்டத்து மண்ணிலோ வாய்க்காலிலோ துருப்பிடித்த ஆயுதமோ தோட்டாவோ குண்டோ கிடைத்தால், பாடத்துக்கு உதவுமே என்று எடுக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் சுடுகருவி வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டப்படி குற்றம். பழைய குண்டு வெடிக்கவும் வெடிக்கும். தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகம் போன்ற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றே மெருகையும் உருவத்தையும் பார்க்கலாம்.

மலாக்காவின் சிவப்பு முத்திரை

துப்பாக்கி எல்லார் கையிலும் இல்லை. அஞ்சல்தலையும் காசும் எல்லார் கையிலும் இருந்தன. ஆட்சி மாறியதும் ஜப்பானியரிடம் புதுத் தலை அச்சடிக்க நேரமில்லை. இருந்த பிரிட்டிஷ் தலைகளின் மேலேயே முத்திரை குத்தினார்கள். மலாக்காவில் குத்தியது சிவப்பு நிற அரசாங்க முத்திரை. அது பெரியது, நான்கு தலைகளைச் சேர்த்து நடுவில் குத்தினால்தான் முழு முத்திரையும் விழும். தனித்தலையாகக் கிழித்தால் ஒவ்வொன்றிலும் கால்வாசிதான். பிள்ளைகளிடம் கால்வாசி முத்திரையை மட்டும் காட்டி மீதியை ஊகிக்கச் சொல்லிப்பாருங்கள். நம் கையில் கிடைக்கும் சான்று பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

பிறகு வந்தது ‘டாய் நிப்பொன் 2602 மலாயா’ என்று ரோமன் எழுத்தில் அச்சடித்த மேற்குறி. அந்த 2602-ஐப் பார்த்துத் திகைக்கும் பிள்ளை இப்போது கழித்துப் பார்க்கும்: 2602 – 660 = 1942. அதே ஆண்டு ஷோவா 17. அரசாங்கத்தின் பெயர் மட்டுமா மாறியது? சுவரில் தொங்கிய நாள்காட்டியே மாறிவிட்டது. ஒரு நாட்டைப் பிடித்தவன் அதன் ஆண்டையும் பிடிக்கிறான்.

வாழைமர நோட்டு

இனி, அந்தத் தகரப் பெட்டிக்கு வருவோம். நோட்டில் ஆண்டு இல்லை, ஆனால் எழுத்து இருக்கிறது. எல்லா மலாயா நோட்டிலும் முதல் எழுத்து ‘எம்’, அது மலாயா. பர்மாவுக்கு அடித்ததில் ‘பி’, இந்தோனேசியத் தீவுகளுக்கு அடித்ததில் ‘எஸ்’. ஒரே அச்சுத் திட்டத்தில் பல நாடுகளுக்கும் காசு அடித்ததை அந்த ஒற்றை எழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

‘எம்’-க்கு அடுத்த எழுத்து எந்தத் தொகுதி என்பதைச் சொல்லும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளில் ‘எம்.ஏ.’ என்ற முதல் தொகுதிக்கு வரிசை எண்ணும் உண்டு. ஒவ்வொரு நோட்டுக்கும் தனி எண். எத்தனை அடித்தோம் என்று கணக்கு வைத்திருந்தார்கள் என்று பொருள். அடுத்த தொகுதிகளில் எண் போய்விட்டது. எழுத்து மட்டும் மிச்சம். வரிசை எண் இல்லாத காசு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். கணக்குக் கெட்ட பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும்: எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் கொண்டாட்டம்.

அப்புறம் தாள். முந்திய நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறி தெரியும். தாள் கெட்டி, வரைகோடு கூர்மை. பிந்திய தொகுதிகளில் நீர்க்குறி இல்லாதவை உண்டு. தாள் மெலிகிறது, மை பரவுகிறது, கோடு மங்குகிறது. ஜப்பானிலிருந்து கப்பல் வருவது குறையக் குறைய, இந்தப் பக்கத்திலேயே கிடைத்த தாளில் கிடைத்த மையில் அடிக்க வேண்டிய நிலை. பி 38-இல் அராவாமல் விட்ட இரும்புக் கோட்டைப் பார்த்தோமே, அதன் தாள் வடிவம் இது.

மதிப்பும் ஒரு கடிகாரம். 1942-இல் வந்தவற்றில் பெரியது பத்து வெள்ளி. அதில்தான் வாழைமரம், “கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதியளிக்கிறது” என்ற பொருளில் ஆங்கில வாசகமும் உண்டு. 1944-இல் நூறு வெள்ளி நோட்டு வருகிறது. 1945-இல் ஆயிரம். ஆயிரம் வெள்ளி நோட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் “அப்ப பணக்காரங்க நிறைய இருந்தாங்களா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். பண வீக்கம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. பெரிய மதிப்பு நோட்டு அடிக்கிறார்கள் என்றால், சின்ன மதிப்பு நோட்டால் ஒன்றும் வாங்க முடியாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

1945-இல் அடித்த நூறு வெள்ளி நோட்டு ஒன்றை நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம். வலப்பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்களின் படம். நாம் பால்மரம் வெட்டு என்று சொல்லும் அந்த வேலைதான். படத்தில் தோட்டம் அமைதியாக இருக்கிறது. அந்த ஆண்டு உண்மையில் தோட்டத்தில் என்ன நடந்தது? ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ரப்பர் போக வழியில்லை. பால் எடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. மரம் வெட்டியவர்கள் மரவள்ளி நட்டுக் கிழங்கைத் தின்று உயிரை வைத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் சடக்குப் போட ஆயிரக்கணக்கில் கொண்டுபோயிருந்தார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். சடக்கு 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, ஆள் குறைந்த லயத்துக்கு, அந்தத் தொழிலாளியின் படம் போட்ட நோட்டு வருகிறது. தாளையும் எழுத்தையும் பார்த்துக் காலம் கணிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கொடுமை புரியும். காலம் தெரியாவிட்டால் அது வெறும் அழகான படம்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு: ஜப்பானியர் காலப் பொருளாதாரம் பற்றி எழுதும்போது “வாழைமர நோட்டு மதிப்பிழந்தது” என்ற ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். வரிசை எண் இல்லாமல் அடித்தது, தாள் தரம் தாழ்ந்தது, நூறும் ஆயிரமும் வந்தது என்று காரணத்தையும் சான்றையும் சேர்த்து எழுதுங்கள். கடையில் நினைவுப்பொருளாக விற்கும் புது நகல்களும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். தாள் கெட்டியாக, வெள்ளையாக, நேற்று அடித்த மாதிரி இருந்து, எழுத்து மட்டும் பிந்திய தொகுதியைச் சொன்னால், 1940 மெருகோடு வந்த ‘ஏ.சி. 44’ துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேதி போட்ட பொய்

இதுவரை தேதி இல்லாத நோட்டைப் பார்த்தோம். தேதி உள்ள நோட்டு ஒன்றும் இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட மலாயா நோட்டு. ஒரு வெள்ளி, ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகளில் 1941 ஜூலை 1 என்று தெளிவாக அச்சடித்திருக்கும். ஐம்பது வெள்ளி நோட்டில் 1942 ஜனவரி 1.

மேலோட்டமாகப் பார்த்தால் போருக்குச் சற்று முன் மலாயாவில் புழங்கிய காசு என்று சொல்லத் தோன்றும். 1942 ஜனவரி 1-ஐக் கொஞ்சம் யோசியுங்கள். அன்று கம்பாரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பத்து நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். அந்த நேரத்தில் புது ஐம்பது வெள்ளி நோட்டை எந்த வங்கி யாருக்குக் கொடுத்திருக்கும்? இந்த நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தது 1945-இல், பிரிட்டிஷார் திரும்பி வந்த பிறகு. தாளில் உள்ள தேதிக்கும் சனங்களின் கைக்கும் நடுவில் ஒரு முழு ஆக்கிரமிப்புக் காலம் கிடக்கிறது.

‘எஸ்.வி.டபிள்யூ. 46’ துப்பாக்கியும் இந்த நோட்டும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியவை. அங்கே ஆட்சி முடிந்த பிறகும் அதன் துப்பாக்கி பிறந்தது. இங்கே ஆட்சி ஓடிப்போகும்போது போட்ட தேதியோடு அதன் காசு திரும்பி வந்தது. எழுதியிருக்கும் தேதி அடித்தவனின் திட்டத்தைச் சொல்கிறது. பொருள் எப்போது, யார் கையில் இருந்தது என்பதை வேறு சான்றால்தான் உறுதிசெய்ய முடியும். அந்த வேறு சான்று பல நேரம் நம் வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழி. “வெள்ளக்காரன் திரும்பி வந்தப்புறந்தான் ராஜா தலை போட்ட புது நோட்டைப் பாத்தோம்” என்று ஒரு பாட்டி சொன்னால், அதை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டில் உள்ள அச்சைவிட அந்த வார்த்தை சரியாக இருக்கலாம்.

இதெல்லாம் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவித்தது. பெட்டியில் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் கையில் வெறும் தாள். சம்பளமாக வாங்கியது, மாடு விற்றது, தோடு விற்றது எல்லாம் அதற்குள். ஆனால் கடன்கள் செல்லாமல் போய்விடவில்லை. ஜப்பானியர் காலத்தில் ஒருவன் கடனைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது அடைந்ததா, இல்லையா? ஆயிரம் வெள்ளி கொடுத்தேன் என்கிறான் ஒருவன். எந்த ஆயிரம் வெள்ளி, 1942-இன் ஆயிரமா, 1945-இன் ஆயிரமா என்று கேட்கிறான் மற்றவன். இந்தத் தகராறுகளைத் தீர்க்க 1948-இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் ஓர் அட்டவணை. ஜப்பானிய வெள்ளியின் மதிப்பு மாதத்துக்கு மாதம் எவ்வளவு இறங்கியது என்று அது வரிசையாகக் காட்டும். வழக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மாதம் கொடுத்தாய் என்பது. நோட்டில் தேதி இல்லாததால், ரசீது வைத்திருந்தவன் பிழைத்தான்.